இரண்டு மருந்து, ஒரு கிணறு

இது போன எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது வந்த "ம்ம்", "அப்புறம்" எல்லாம் எடுத்தாச்சு. மத்தபடி பேசினது பேசினபடி.

இந்த எபிசோடு ஒரு கேள்வியில ஆரம்பிக்குது. கேட்டது எங்க ஆயா, அம்மாவோட அம்மா. அவங்க ஊர் திருமுக்கூடலுக்குப் பக்கத்துல, பாலாத்தங்கரையில. நான் சென்னையில கோடு எழுதிட்டு உக்காந்திருக்கிறவன். வருஷத்துல ரெண்டு தடவை அங்க போவேன். அதுல ஒண்ணு மாட்டுப் பொங்கல்.

திருமுக்கூடல் பேரிலேயே விஷயம் இருக்கு. பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற இடம். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு அங்க பார்வேட்டை உற்சவம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழைய சீவரம் மலைக்கு வந்து, அங்கிருந்து ஆத்தைத் தாண்டி திருமுக்கூடலுக்கு வருவார். சுத்துப்பட்டுப் பெருமாள்களும் வந்து சேர, அஞ்சு பெருமாளும் ஒரே இடத்துல. ஆத்து மணல்ல கூட்டம், கரும்பு, பொரி, பலூன்.

அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் பையில இருந்த தண்ணி பாட்டிலைத் திறந்து குடிச்சேன். ஆயா அதைப் பாத்துட்டாங்க.

"ஏன்டா, எங்க கெணத்துத் தண்ணி எறங்காதா ஒனக்கு?"

"அது இல்ல ஆயா. சுத்தி நெலத்துல மருந்து அடிக்கிறாங்க இல்ல, அதான்."

"மருந்து மேலதானடா அடிக்கிறோம்? தண்ணி முப்பது அடிக்குக் கீழ கெடக்குது. நடுவுல மண்ணு வடிகட்டிடாது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒண்ணும் வரல. இன்ஜினியரிங் படிச்சிருக்கேன், ஆனா இதுக்கு எனக்கு விடை தெரியாது. மண் வடிகட்டுமா, வடிகட்டாதா? அதைத் தேடிப் போன கதைதான் இது.

கல்லில் எழுதிய மருந்து

முதல்ல அந்த ஊர்லயே ஆரம்பிப்போம். திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவர்ல ஒரு கல்வெட்டு இருக்கு. வீரராஜேந்திர சோழன் காலம், ஏறக்குறைய கி.பி. 1068. தமிழ்நாட்டோட நீளமான கல்வெட்டுகள்ல ஒண்ணு. அதுல கோயில் வரவு செலவோட ஒரு வேதப் பள்ளி, மாணவர் விடுதி, ஒரு ஆதுலர் சாலை பத்தின கணக்கும் இருக்கு. ஆதுலர் சாலைன்னா ஆஸ்பத்திரி. 15 படுக்கை.

மருத்துவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்யிறவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறிச்சு, விறகு கொண்டு வந்து, மருந்து காய்ச்ச ஆள். நோயாளியைப் பாத்துக்கப் பெண்கள். விளக்கெரிக்க எண்ணெய். வருஷம் முழுக்கக் கையிருப்புல இருக்க வேண்டிய மருந்துகளோட பட்டியல்: தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம்னு சுமார் இருபது. குடிக்கிற தண்ணியையும் விடல. ஏலமும் இலாமிச்ச வேரும் போட்ட குடிநீருக்கும் ஏற்பாடு எழுதியிருக்காங்க.

இதைப் பெருமை பேச நான் சொல்லல. அந்த ஆஸ்பத்திரியில போனவங்க எல்லாம் பிழைச்சாங்களான்னு கல்வெட்டு சொல்லாது. எனக்குப் பிடிச்சது அதுல இருக்கிற பழக்கம். என்ன மருந்து, எவ்வளவு, யார் பொறுப்பு, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருதுன்னு பதிவு பண்ணி வச்சிருக்காங்க. எங்க பாஷையில சொன்னா, அது ஒரு லாக். 950 வருஷம் கழிச்சும் படிக்க முடியுது.

இப்ப ஒரு வார்த்தையைக் கவனிங்க. ஆயாவும் "மருந்து"ன்னுதான் சொன்னாங்க. நம்ம ஊர்ல வயலுக்கு அடிக்கிற பூச்சிக்கொல்லியும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து. ஒரே பேர்ல ரெண்டு மருந்து. முதல் மருந்துக்குக் கல்லுல கணக்கு இருக்கு. ரெண்டாவது மருந்துக்கு என்ன கணக்கு இருக்கு? அதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில அங்கதான் வந்து நிக்கப் போறோம்.

மண்ணுக்குள்ள தண்ணி எப்படிப் போகுது?

ஆயாவோட கேள்விக்குள்ள ஒரு படம் இருக்கு. மண்ணுங்கறது காபி பில்டர் மாதிரி, மேல ஊத்தினா சீரா இறங்கும், அழுக்கு மேலயே தங்கிடும். இந்தப் படம் சரியான்னு அளந்து பாத்தவங்க உண்டு. இங்கிலாந்துல ராதம்ஸ்டெட்னு ஒரு விவசாய ஆய்வுப் பண்ணை. ஜான் லாஸ், ஜோசப் கில்பர்ட்னு ரெண்டு பேர் அதை நடத்தினாங்க. 1870-ல அவங்க ஒரு வேலை செஞ்சாங்க. வயல்ல இருக்கிற மண்ணை வெட்டி எடுத்துத் தொட்டியில போடல. அப்படிப் போட்டா மண்ணோட உள் அமைப்பு கலைஞ்சிடும். அதனால மண்ணை இருந்த இடத்துலயே விட்டுட்டு, சுத்திச் சுவர் கட்டி, அடியில குடைஞ்சு துளை போட்ட தகட்டை வச்சு, வடியிற தண்ணியைப் பிடிச்சாங்க. மூணு ஆழம்: 20 அங்குலம், 40 அங்குலம், 60 அங்குலம். பெய்யிற மழை எவ்வளவு, அடியில வர்றது எவ்வளவு, அதுல என்ன கரைஞ்சிருக்கு? எல்லாத்தையும் எழுதி வச்சாங்க. அந்தப் பதிவு நூறு வருஷத்துக்கு மேல தொடர்ந்துச்சு.

1882-ல வெளியிட்ட முடிவுல அவங்க சொன்னது, தண்ணி ரெண்டு விதமா இறங்குது. ஒண்ணு, மண் துகள்களுக்கு நடுவுல மெல்லக் கசிஞ்சு, பழைய தண்ணியைக் கீழ தள்ளிக்கிட்டே போகுது. இன்னொண்ணு, மண்ணுல இருக்கிற திறந்த வழிகள்ல நேரா ஓடுது. வெடிப்பு, மண்புழு போன துளை, செத்துப் போன வேர் விட்டுட்டுப் போன குழாய். இந்த ரெண்டாவது வழியில போற தண்ணிக்கு மண்ணோட உறவாட நேரமே இல்லை. மேல எப்படி இருந்துச்சோ, ஏறக்குறைய அப்படியே கீழ வந்து சேருது.

இதை நம்ம ஊர் நெல் வயலுக்குக் கொண்டு வாங்க. நடவுக்கு முன்னாடி சேறடிச்சு உழுவாங்க. வருஷக்கணக்கா அப்படி உழுதா, உழவு ஆழத்துக்குக் கீழ ஒரு கெட்டி அடுக்கு உண்டாகும். அதனாலதான் வயல்ல தண்ணி நிக்குது, கீழ இறங்கறது குறையுது. ஆயா சொல்ற வடிகட்டி ஓரளவு அங்க இருக்கு. ஆனா அறுப்பு முடிஞ்சு கோடையில வயல் காய்ஞ்சா என்ன ஆகும்? களிமண் பாளம் பாளமா வெடிக்கும். சின்ன வயசுல அந்த வெடிப்புல கோலிக்குண்டைப் போட்டுட்டு எடுக்க முடியாம அழுதிருக்கேன். கோலி போற வழியில தண்ணி போகாதா? முதல் கனமழை வந்ததும், வெடிப்பு மூடறதுக்குள்ள, வயல் மேல கிடந்ததைக் கரைச்சுக்கிட்டு தண்ணி நேரா கீழ இறங்கும்.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஆத்தங்கரை நிலம். அங்க மண்ணே மணல். தண்ணி சர்ருன்னு இறங்கும். மணல் கலங்கலைப் பிடிக்கும், அதனால ஊத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. ஆனா தண்ணியில கரைஞ்ச ஒண்ணை மணலால பிடிக்க முடியாது. ரசாயனம் ஒட்டிக்கிறதுக்கு மண்ணுல மக்கும் களியும் வேணும். மணல்ல அது ரொம்பக் குறைவு.

இந்த இடத்துல நகரத்து ஆட்களுக்கு ஒரு செய்தி. தாம்பரம், பல்லாவரம் பக்கம் இருக்கிறவங்க குழாயில பாலாத்துப் படுகைக் கிணறுகளோட தண்ணியும் வருது. காஞ்சிபுரம் ஊருக்கும் அப்படித்தான். ஆயா கேட்டது அவங்க கிணத்தைப் பத்தி மட்டும் இல்ல.

வெள்ளைப் பொடியும் ஊதா குருணையும்

ரெண்டாவது மருந்து எப்ப வந்துச்சு? பி.எச்.சி.ங்கற பூச்சிக்கொல்லியை 1952-ல கல்கத்தாவுக்குப் பக்கத்துல ரிஷ்ராவில உற்பத்தி பண்ண ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் டெல்லியில அரசோட டி.டி.டி. ஆலை. முதல்ல இதெல்லாம் மலேரியாவுக்கு. 1960-கள்ல ஆடுதுறை 27, ஐ.ஆர்.8 மாதிரி புது ரக நெல் வந்ததும் வயலுக்குள்ளயும் வேகமா பரவுச்சு. உரம் கூட, பயிர் அடர்த்தி, பூச்சியும் கூட. புகையான் விழுந்தா நல்லா இருந்த வயல் நாலே நாள்ல தீஞ்சு போன மாதிரி ஆகிடும். வீட்டுல அஞ்சு பிள்ளைங்க, கடன் வாங்கி நட்ட வயல். அந்த நிலைமையில பொடி தூவாம இருங்கன்னு எங்க தாத்தாவுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? வேளாண்மை அலுவலரே தூவச் சொன்ன காலம் அது. அதனால இந்தக் கதையில விவசாயியைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்த நான் தயாரா இல்லை.

ஆபத்து தெரியாமலும் இல்லை. 1958-ல கேரளாவுக்குக் கப்பல்ல வந்த கோதுமை மாவுல பாரத்தியான்ங்கற பூச்சிக்கொல்லி கலந்துபோய் நூத்துக்கும் மேல சாவு. அந்த அதிர்ச்சியில இருந்துதான் 1968-ல பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்துச்சு. ஆனா அந்தச் சட்டத்தோட கவலை பதிவு, விற்பனை, லேபிள், உடனடி விஷம். மண்ணுக்குள்ள இறங்கி இருபது வருஷம் கழிச்சு வர்றது அன்னைக்கு யாரோட கண்லயும் படல.

அப்புறம் ஒவ்வொண்ணா தடை வந்துச்சு. டி.டி.டி.யை விவசாயத்துல இருந்து 1989-ல விலக்கினாங்க. பி.எச்.சி.க்கு 1997-ல தடை. காசர்கோடு முந்திரித் தோட்டங்கள்ல ஹெலிகாப்டர்ல தெளிச்ச எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-ல தடை போட்டுச்சு.

ஆயாகிட்ட கேட்டேன், தாத்தா என்ன மருந்து போடுவார்?

"பேரெல்லாம் யாருடா கண்டா? வெள்ளப் பொடி ஒண்ணு. முக்கல் நாத்தம், துணி தொவச்சாலும் போவாது. அதுக்கப்புறம் ஊதா கலர்ல குருணை. மணலோட கலந்து வெதைக்கிற மாதிரி வீசுவாரு."

இவ்வளவுதான் இருக்கிற பதிவு. ஒரு நாத்தம், ஒரு நிறம். தேடிப் பாத்ததுல, முக்கல் நாத்தம் அடிக்கிற வெள்ளைப் பொடி பெரும்பாலும் பி.எச்.சி. ஊதா குருணை பெரும்பாலும் கார்போபியூரான்.

ஒட்டுமா, ஓடுமா?

ஒரு மருந்து கிணத்துக்கு வருமா வராதாங்கறதைப் பெரும்பாலும் ரெண்டே குணம் முடிவு பண்ணுது. ஒண்ணு, மண்ணுல எவ்வளவு நாள் சிதையாம இருக்கும். இதை அரை ஆயுள்ங்கறோம், பாதியா குறைய ஆகிற நாள். இன்னொண்ணு, மண்ணுல இருக்கிற மக்கோட எவ்வளவு ஒட்டும். நீண்ட ஆயுள் இருந்து ஒட்டாம இருந்தா, அது ஓடும்.

1989-ல கஸ்டாப்சன்ங்கற ஆய்வாளர் இந்த ரெண்டையும் ஒரே எண்ணா சுருக்கினார். கோடு எழுதறவங்களுக்குப் பிடிக்கும், ஒரே வரிதான். அரை ஆயுளோட மடக்கையை எடுங்க. நாலுல இருந்து ஒட்டும் எண்ணோட மடக்கையைக் கழிங்க. ரெண்டையும் பெருக்குங்க. விடை 2.8-க்கு மேல வந்தா நிலத்தடிக்குப் போற ஆள். 1.8-க்குக் கீழன்னா மேலயே தங்கற ஆள். நடுவுல இருந்தா ரெண்டுங்கெட்டான்.

ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து மூணு மருந்துக்குப் போட்டுப் பாத்தேன். டி.டி.டி.: அரை ஆயுள் சுமார் 2,000 நாள், ஆனா ஒட்டும் எண் 20 லட்சம். விடை மைனஸ் 7.6. கெட்ட பேர் வாங்கின டி.டி.டி. கிணத்துக்கு அவ்வளவு சுலபமா வராது, மண்ணையே பிடிச்சுக்கிட்டு நிக்கும். மண் அரிச்சு ஆத்துல ஏரியில போய் விழுந்தா மீனுக்குள்ள ஏறும், அது வேற கதை. பி.எச்.சி.ல பூச்சியைக் கொல்ற பகுதியான லிண்டேன்: 400 நாள், ஒட்டும் எண் 1,100. விடை 2.5. ரெண்டுங்கெட்டான். கார்போபியூரான்: 50 நாள், ஒட்டும் எண் வெறும் 22. விடை 4.5.

எனக்குத் தூக்கம் போச்சு. நாத்தமடிச்ச, எல்லாரும் பயந்த வெள்ளைப் பொடியை விட, நாத்தமே இல்லாத ஊதா குருணைதான் கிணத்துக்கு வழி தெரிஞ்ச ஆள். மூக்கும் கண்ணும் இங்க உதவாது.

ஒரு எச்சரிக்கை. இந்த எண் சராசரி மண்ணுக்கானது. வெடிப்பு வழியில போற தண்ணிக்கு ஒட்டும் எண்ணெல்லாம் செல்லுபடியாகாது. இன்னொண்ணு, அரை ஆயுள் கணக்கு நுண்ணுயிர் நிறைஞ்ச மேல்மண்ணுக்கு. மேல்மண்ணைத் தாண்டிட்டா அங்க நுண்ணுயிரும் கம்மி, மக்கும் கம்மி. மேல 50 நாள்ல பாதியாகிறது கீழ பல மடங்கு நாள் நிக்கலாம்.

லாங் ஐலண்டு, 1979

இப்படி ஒரு ஓடுற மருந்து உண்மையிலேயே கிணத்துக்கு வந்த இடம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்டு, அதோட கிழக்குப் பகுதி சபோக் கவுன்டி. உருளைக்கிழங்கு வயல், அடியில மணலும் சரளையும், எல்லாரும் குடிக்கிறது நிலத்தடி நீர். நம்ம ஆத்தங்கரை மாதிரியே. உருளை வண்டுக்கு ஆல்டிகார்ப்ங்கற மருந்தைப் போட்டாங்க. அது கார்போபியூரானோட குடும்பம், குணமும் அதே: ஒட்டாது.

சிதைஞ்சு போயிடும், கிணத்துக்கு வராதுன்னு நம்பினாங்க. 1979 ஆகஸ்ட்ல கிணத்துல வந்துச்சு. அதுக்கப்புறம் 8,000-க்கும் மேல கிணறுகளைச் சோதிச்சாங்க. ஏறக்குறைய எட்டுல ஒண்ணுல, நியூயார்க் மாநிலம் வச்ச வரம்பை விட அதிகம். அந்த வரம்பு ஒரு லிட்டருக்கு 7 மைக்ரோகிராம். 1980-லயே அங்க விற்பனையை நிறுத்திட்டாங்க. ஆனா இருபது வருஷம் கழிச்சும் சில கிணறுகள்ல அதோட எச்சம் வந்துக்கிட்டிருந்துச்சு. மேல குழாயை மூடியாச்சு, கீழ வரிசையில நிக்கிறது வந்துதானே ஆகணும்.

அதே 1979-ல கலிபோர்னியாவுல டி.பி.சி.பி.ங்கற இன்னொரு மருந்து கிணறுகள்ல மாட்டுச்சு. அந்த மாநிலம் அடுத்து எடுத்த முடிவு எனக்கு முக்கியமா பட்டுது. 1990-ல இருந்து விவசாயத்துல எந்த மருந்தைப் போட்டாலும் என்ன மருந்து, எவ்வளவு, எந்த இடம், எந்த நாள்னு அரசுக்குக் கணக்குக் கொடுக்கணும்னு கட்டாயமாக்கினாங்க.

பாட்டிலுக்கு ஒரு சட்டம், கிணத்துக்கு ஒரு சட்டம்

பாலாத்துக்கு மாசு புதுசு இல்லையேன்னு கேப்பீங்க. உண்மை. மேல வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஆலைக் கழிவுக்காக வேலூர்ல ஒரு குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல, 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு சட்டக் கல்லூரிப் பாடம். மாசு செஞ்சவரே அதுக்கு விலை கொடுக்கணும்ங்கற கொள்கை இந்தியச் சட்டத்துல அழுத்தமா நின்னது அந்தத் தீர்ப்புலதான். ஆனா தோல் கழிவுக்கு ஒரு குழாய் உண்டு, நிறம் உண்டு, போட்டோ எடுக்கலாம். வயல் மருந்துக்குக் குழாய் இல்லை. ஆயிரம் வயல்ல இருந்து சொட்டுச் சொட்டா வருது. யார் மேல வழக்குப் போடுவீங்க?

நகரத்துக்கு இது 2003-ல உறைச்சுச்சு. அந்த பிப்ரவரியில டெல்லியோட அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பாட்டில் தண்ணியைச் சோதிச்சு, லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் இருக்குன்னு சொல்லுச்சு. பாட்டிலுக்குள்ள எப்படி வந்துச்சு? பாட்டில்ல அடைக்கிற தண்ணியே நிலத்தடி நீர்தானே. நாடே கொந்தளிச்சுது, ஆகஸ்ட்ல குளிர்பானத்துக்கும் அதே கதை, நாடாளுமன்றக் கூட்டுக்குழு வரைக்கும் போச்சு. பாட்டில் தண்ணிக்கு விதி கடுமையாச்சு: எந்த ஒரு மருந்தும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல கூடாது, எல்லாம் சேந்து 0.5-க்கு மேல கூடாது.

இப்ப கிணத்துக்கும் குழாய்க்கும் பொருந்துற குடிநீர் தரம், ஐ.எஸ். 10500, 2012 பதிப்பு. அதுல பூச்சிக்கொல்லிப் பட்டியல்ல 18 வரி இருக்கு. நெல் வயல்ல போடுற களைக்கொல்லி பூட்டாகுளோருக்கு அதுல வரம்பு 125 மைக்ரோகிராம். பாட்டிலுக்கு 0.1. அதாவது 1,250 மடங்கு வித்தியாசம். நியாயமா சொல்லணும்: 125-ங்கறது உடம்புக்கு எவ்வளவு தாங்கும்னு போட்ட கணக்கு, 0.1-ங்கறது தண்ணியில மருந்தே இருக்கக் கூடாதுங்கற கொள்கை. ரெண்டுக்கும் அடிப்படை வேற. ஆனா என் பையில இருந்த பாட்டிலுக்கு ஒரு கொள்கை, ஆயாவோட சொம்புக்கு இன்னொரு கணக்குங்கறது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

ரிப்போர்ட்

சரி, சோதிச்சே பாத்துடலாம்னு கிணத்துத் தண்ணியைக் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு, ஐஸ் பெட்டியில வச்சு ஒரு ஆய்வகத்துக்கு எடுத்துட்டுப் போனேன். கவுன்ட்டர்ல முதல் கேள்வி: "எந்தெந்த மருந்து பாக்கணும்?"

எனக்கு இது புதுசு. தண்ணியைக் கொடுத்தா உள்ள என்னென்ன இருக்குன்னு மெஷின் சொல்லிடும்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லை. இந்த மாதிரி வழக்கமான சோதனையில, எதைத் தேடறோமோ அதோட மாதிரியை வச்சு ஒப்பிட்டுத்தான் அளக்கறாங்க. தேடாதது தெரியாது. "தெரியலீங்க"ன்னு சொன்னேன். அப்ப வழக்கமா பாக்கிற பட்டியலைப் போட்டுடறோம்னாங்க. அதே 18.

ரிப்போர்ட் வந்துச்சு. பதினெட்டும் கண்டறியும் அளவுக்குக் கீழ. ஆயாவுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன், அப்பதான் பட்டியலைத் திரும்பப் படிச்சேன். கார்போபியூரான் அதுல இல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் அதுக்கு 7 மைக்ரோகிராம்னு ஒரு வழிகாட்டி அளவு வச்சிருக்கு. நம்ம 18-ல அதுக்கு ஒரு வரி இல்லை. ஆயா "ஊதா"ன்னு சொல்லாம இருந்திருந்தா எனக்கு அது தோணியே இருக்காது.

திரும்பவும் பணம் கட்டி, அதை மட்டும் தனியா பாக்கச் சொன்னேன். அதுவும் கண்டறியும் அளவுக்குக் கீழதான். பெருமூச்சு விட்டேன். ஆனா அதே ரிப்போர்ட்ல நைட்ரேட் வரம்புக்குள்ள இருந்தாலும் வரம்பை நெருங்கி இருந்துச்சு. வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். நைட்ரேட் உரத்துல இருந்தும் வரும், மாட்டுக் கொட்டாய், கக்கூஸ் குழியில இருந்தும் வரும். எங்கிருந்து வந்தாலும் அது மண்ணோட ஒட்டாத பொருள். அது வந்திருக்குன்னா மேல இருந்து கீழ வழி திறந்திருக்குன்னு அர்த்தம். வழி இருக்கு, இன்னைக்கு அதுல மருந்து வரல. ஒரு நாள், ஒரு பாட்டில் சொல்ற பதில் அவ்வளவுதான். வெடிச்ச வயல்ல முதல் மழை இறங்கின பிறகு எடுத்தா வேற சொல்லலாம்.

ஆயாவுக்கு விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப குடிக்கலாமா, கூடாதா?"ன்னாங்க.

"இப்போதைக்குக் குடிக்கலாம் ஆயா. மழைக்கப்புறம் திரும்பப் பாக்கலாம். மண்ணு வடிகட்டும், ஆனா எல்லாத்தையும் இல்ல, எல்லா நாளும் இல்ல."

கணக்கு வைக்கிறது

மண்ணால என்ன முடியும், அதை நாம எப்படிப் பலப்படுத்தலாம்ங்கறதுக்கும் பக்கத்துலயே பழைய விடை ஒண்ணு இருக்கு. திருமுக்கூடலுக்குத் தெற்கே உத்திரமேரூர். குடவோலைத் தேர்தலுக்காகப் பள்ளிப் பாடத்துல வர்ற, முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். தேர்ந்தெடுத்த குழுக்கள்ல ஒண்ணு ஏரி வாரியம், ஏரியைப் பராமரிக்கிறதுக்குன்னே. ஏரியைத் தூர் வாரினா வண்டல் கிடைக்கும், அதை வயல்ல போடுவாங்க. வண்டல்னா களியும் மக்கும். மருந்தைப் பிடிச்சு நிறுத்தற, அதைத் தின்னு சிதைக்கிற நுண்ணுயிர் வாழற மண். அவங்க அதை விளைச்சலுக்காகத்தான் போட்டாங்க, பூச்சிக்கொல்லியைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? ஆனா ஆத்தங்கரை மணல் நிலத்துக்கு இன்னைக்கும் அது அர்த்தமுள்ள வேலை. விவசாயிங்க ஏரி வண்டலை இலவசமா எடுக்க சமீப வருஷங்கள்ல அரசு அனுமதி கொடுக்குது. எடுக்கிற ஏரியில சாக்கடை கலக்கலையான்னு பாத்து எடுக்கணும், அவ்வளவுதான்.

ஆனா எனக்கு இந்தத் தேடல்ல மிஞ்சின பெரிய விஷயம் வேற. நம்மகிட்ட மருந்துக் கடையில இருப்புப் பதிவேடு இருக்கு. எந்த வயல்ல, எந்த நாள், எதை, எவ்வளவு போட்டாங்கன்னு பெரும்பாலான இடத்துல எந்தக் கணக்கும் இல்லை. ஆய்வகம் தேடறதைத்தான் கண்டுபிடிக்கும். எதைத் தேடணும்னு தெரியணும்னா எதைப் போட்டோம்னு தெரியணும். கணக்கு இல்லைன்னா சோதனையும் பாதிக் குருடு. 15 படுக்கை ஆஸ்பத்திரிக்கு இருபது மருந்தோட பேரைக் கல்லுல வெட்டின அதே ஊர்ல, ஐம்பது வருஷமா நிலத்துல போட்ட மருந்துக்கு இருக்கிற ஒரே ஆவணம் எங்க ஆயாவோட ஞாபகம். அவங்களுக்கு வயசு எண்பதைத் தாண்டியாச்சு.

இப்ப நிலத்தைப் பாத்துக்கிறது எங்க மாமா. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, மருந்து அடிக்கும்போதெல்லாம் எழுதி வைங்க மாமான்னு சொன்னேன். சிரிச்சார். "மருந்தடிச்சுட்டு வந்து குளிச்சுச் சாப்புடவே நேரமில்ல, இதுல நோட்டா? வேணும்னா டப்பாவைப் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல போட்டுடறேன்." சரின்னுட்டேன். தேதி தானா விழுந்துடும், லேபிள்ல பேரும் சதவீதமும் இருக்கும். எந்த வயல், எத்தனை டேங்க்னு மட்டும் வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிடறார். நான் அதை ஒரு ஷீட்டுல ஏத்தி வைக்கிறேன். இதுவரைக்கும் ஒன்பது வரி ஆகியிருக்கு. அதுல ரெண்டு மருந்து அந்த 18-ல இல்லாதது. மழைக்கப்புறம் தண்ணி எடுத்துட்டுப் போகும்போது கவுன்ட்டர்ல கேட்டா, இந்தத் தடவை என்கிட்ட பதில் இருக்கு.

உங்க வீட்டுல ஊர்ப்பக்கம் நிலம் வச்சிருக்கிற தாத்தா, ஆயா, பெரியப்பா யாராவது இருந்தா, இந்த வாரம் ஒரு போன் பண்ணுங்க. அந்தக் காலத்துல என்ன மருந்து போட்டீங்க, என்ன நிறம், என்ன நாத்தம்னு கேளுங்க. சொல்றதை அப்படியே எழுதி வைங்க. இப்ப என்ன போடறாங்கன்னும் கேளுங்க. திட்டறதுக்காகக் கேக்காதீங்க, தெரிஞ்சுக்கிறதுக்காகக் கேளுங்க.

அடுத்த எபிசோடுல பாப்போம். வணக்கம்.